டெம்பரேச்சர் முள் சரியாகக் காட்டவில்லையா? சென்சாரை மாற்றுவதா, முதலில் சோதிப்பதா

பழைய காரில் எஞ்சின் சூட்டைக் காட்டும் டெம்பரேச்சர் முள் எழும்பாமல் கிடந்தால் உடனே கிடைக்கும் ஆலோசனை ஒன்றுதான்: "சென்சார் போயிருக்கும், மாத்திடுங்க." முள் எப்போதும் சிவப்பிலேயே நின்றாலும் அதே பதில்தான். நானும் அப்படி மாற்றியிருக்கிறேன். எஞ்சினில் சூட்டை உணரும் அந்தச் சென்சாரைப் புதிதாகப் போட்டு, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) நிரப்பி, வண்டியை ஓட்டிப் பார்த்தேன். முள் பழைய இடத்துக்கே போய் நின்றது. பெட்ரோல் முள்ளும் வழக்கத்தைவிட மேலே காட்டுகிறது என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் இரண்டு மீட்டருக்கும் சேர்த்து வோல்டேஜை ஒரு அளவில் நிறுத்தி வைக்க டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு ஸ்டெபிலைசர் இருக்கும். அதன் எர்த், அதாவது வண்டியின் உலோக உடலோடு சேரும் இணைப்பு, விட்டுப்போனால் பேட்டரியின் முழு வோல்டேஜும் நேராக மீட்டருக்குப் போய்விடும், இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறும். என் வண்டியில் அதைப் பிடித்திருந்த ஸ்க்ரூவைச் சுற்றித் துரு ஏறியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்துத் திரும்ப முடுக்கினேன், இரண்டும் சரியாகிவிட்டன. அதனால் எதைத் தொடும் முன்பும் பெட்ரோல் முள்ளை ஒரு பார்வை பாருங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் தப்பாகக் காட்டினால் சென்சாரில் கை வைக்க வேண்டாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முள் சிவப்புக்குப் போனால் மீட்டர் கோளாறு என்று முடிவு கட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். எஞ்சினை நிறுத்துங்கள். நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட் அளவைப் பாருங்கள். சூட்டில் திறந்தால் கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும். முள் கீழேயே கிடந்தாலும் இந்தச் சோதனை வேண்டும். கூலன்ட் குறைந்து சென்சாரின் முனை காற்றில் நின்றால், உள்ளே எஞ்சின் கொதிக்கும்போதுகூட முள் குறைவாகக் காட்டலாம். ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போகிற நிலைமை அது.

கூலன்ட் சரியாக இருக்கிறது என்றால் முதலில் செய்ய வேண்டியது எர்த் சோதனை. பழைய சர்க்யூட் எளிமையானது. இக்னிஷனிலிருந்து மீட்டர், மீட்டரிலிருந்து ஒற்றை ஒயர், அந்த ஒயர் சென்சாருக்கு, சென்சாரின் மரை வழியாக எஞ்சினுக்கு எர்த். சூடு ஏற ஏற சென்சாரின் மின்தடை குறையும், கரண்ட் கூடும், முள் எழும்பும். இந்தக் கணக்கு தெரிந்தால் போதும். எஞ்சினை ஓட்டாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, சென்சாரின் ஒயரைக் கழற்றுங்கள். முள் கீழே இறங்க வேண்டும். அப்புறம் அந்த ஒயரின் நுனியை எஞ்சினில் பெயின்ட் இல்லாத, சுத்தமான உலோகத்தில் தொடுங்கள். முள் மேலே ஏற வேண்டும். சில மீட்டர்களில் அது மெதுவாக, பல விநாடி எடுத்துத்தான் ஏறும், பொறுமை வேண்டும். ஆனால் சிவப்பை எட்டியதும் கையை எடுத்துவிடுங்கள். நடுவில் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்துத் தொட்டால் மீட்டருக்கு இன்னும் பாதுகாப்பு.

முள் ஏறினால் மீட்டரும் ஒயரும் வேலை செய்கின்றன. கோளாறு சென்சாரிலோ அதன் எர்த்திலோ இருக்கிறது. ஏறவில்லை என்றால் மீட்டரின் பின்பக்க முனையிலேயே இதே சோதனையைச் செய்யுங்கள். அங்கே ஏறினால் நடுவில் ஒயர் அறுந்திருக்கிறது. எப்போதும் சிவப்பில் நிற்கும் முள் ஒயரைக் கழற்றிய பிறகும் இறங்காவிட்டால், ஒயர் எங்கோ உரசி, தோல் உரிந்து பாடியில் படுகிறது என்று சந்தேகப்படலாம். காசு செலவில்லாமல் சில நிமிடத்தில் இத்தனை தெரிந்துவிடுகிறது. ஒரே எச்சரிக்கை: எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் போகும், இரண்டு ஒயர் முனை கொண்ட சென்சார் தனியாக இருந்தால் அதில் இதைச் செய்யக் கூடாது.

ஆனால் எர்த் சோதனை உயிர் இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும், காட்டும் அளவு சரியா என்று சொல்லாது. அதற்குத் தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கை கொடுக்கும். தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) இருக்கும் ஹவுசிங்கை நோக்கிப் பிடியுங்கள். பளபளக்கும் அலுமினியத்தை அப்படியே அளந்தால் உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும், அதனால் அந்த இடத்தில் கறுப்பு டேப் ஒட்டி, அதன் மேல் அளக்க வேண்டும். பல பழைய வண்டிகளில் தெர்மோஸ்டாட் 82 அல்லது 88 டிகிரியில் திறக்கும். வண்டி நன்றாக ஓடிச் சூடான பிறகும் 60 டிகிரிதான் என்றால், கீழே நிற்கும் முள் உண்மையைத்தான் சொல்கிறது. தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. நெடுஞ்சாலையில் முள் இறங்கி, நெரிசலில் நின்றால் ஏறுவது இதன் அடையாளம். இந்த வண்டிக்கு எத்தனை சென்சார் மாற்றினாலும் பலன் இருக்காது.

வெந்நீர்ச் சோதனை இதைவிடத் துல்லியமானது, ஆனால் வேலை அதிகம். சென்சாரைக் கழற்றி, பாத்திரத்தின் அடியில் படாமல் தண்ணீரில் தொங்கவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சென்சாரில் ஒயர் மாட்டும் முனையிலும் மறுமுனையை அதன் உலோக உடலிலும் பிடித்து, 40, 60, 80 டிகிரியில் ஓம் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். சீராக இறங்கினால் நல்லது. நடுவில் குதித்தாலோ, வண்டியின் கையேட்டில் உள்ள அளவோடு பொருந்தாவிட்டாலோ மாற்றிவிடலாம். பாதி கெட்ட சென்சாரைப் பிடிக்க இது நல்ல வழி.

சரி, கடைசியில் மாற்றத்தான் வேண்டும் என்றால், மரை பொருந்துகிறது என்பதற்காக ஏதோ ஒன்றை வாங்காதீர்கள். மரை ஒன்றாக இருந்தும் மின்தடை அளவு வேறாக இருந்தால் முள் எந்நாளும் தப்பாகவே காட்டும். டெஃப்லான் டேப்பை வரிந்து சுற்றினால் எர்த் கெடும். அலுமினிய ஹெட்டில் அழுத்தி முடுக்கினால் மரையே போய்விடும்.

இதையெல்லாம் விட்டுவிட்டுத் தனியாக ஒரு மெக்கானிக்கல் மீட்டர் பொருத்துகிறவர்களும் உண்டு. கரண்ட் வேண்டாம், முள் டிகிரியிலேயே காட்டும். ஆனால் எஞ்சினிலிருந்து மீட்டர் வரை வரும் அதன் மெல்லிய குழாயை வெட்டவோ மடக்கவோ முடியாது, ஒருமுறை உடைந்தால் மீட்டரே வீண். ஏற்கெனவே ஒருமுறை ஹெட் கேஸ்கட் போன வண்டி என்றால் நான் இதைப் பொருத்தியே ஆவேன், ஆனால் பழைய மீட்டரைக் கழற்ற மாட்டேன்.