சங்காயக் கூடையும் சொடக்கு வைத்தியமும்

மார்ச் மாதக் கடைசி. ராமேஸ்வரத்தில் கடலுக்குப் போகிற அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு விசைப்படகில் போயிருந்தோம். சங்காயம், அதாவது வலையில் சேர்ந்து வருகிற மலிவான கழிவு மீன், நிறைந்த கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பியதும் இடுப்பில் சுருக்கென்றது. கரைக்கு வருவதற்குள் வலி இடது தொடை வழியாகக் குதிகால் வரை இறங்கிவிட்டது. ஸ்கேனில் எல்4-எல்5 ஜவ்வு, அதாவது கீழ் முதுகில் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு, விலகி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். ஆபரேஷன் தேவையில்லை, மாத்திரையும் ஓய்வும் போதும், நிறையப் பேருக்கு 6 முதல் 12 வாரத்தில் தானாகவே தணிந்துவிடும் என்றார் டாக்டர்.

இரண்டு வாரத்திலேயே எனக்குப் பொறுமை போய்விட்டது. யூடியூபில் சொடக்கு எடுக்கிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ராமநாதபுரத்தில் ஒரு கைரோபிராக்டிக் நிலையத்துக்கு, அதாவது முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அழுத்தி வைத்தியம் பண்ணுகிற இடத்துக்குப் போனேன். பஸ்ஸில் அவ்வளவு நேரம் உட்கார முடியாது. நல்லவேளை, 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாம்பன் பாலம் திறந்து ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தேன்.

அங்கே காத்திருக்கும் இடத்தில் பள்ளமான சோபா ஒன்று. முதுகு வலிக்காரனை அதில் முக்கால் மணி நேரம் உட்காரவைக்க யாருக்குத் தோன்றியதோ! அதோடு, 12 தடவைக்கும் சேர்த்து முன்பணம் கட்டச் சொன்னார்கள். முடியாது என்றேன். முதல் தடவை 800, பிறகு ஒவ்வொரு தடவையும் 500 ரூபாய்.

உள்ளே இருந்தவர் விவரமானவர். ஸ்கேனைப் பார்க்காமல் தொடவில்லை. மூத்திரம் அடக்க முடிகிறதா, தொடை இடுக்கு மரத்துப்போகிறதா, பாதம் தூக்க வருகிறதா என்று கேட்டார். "இதுல ஒண்ணுல சந்தேகம் இருந்தாலும் நான் கை வைக்க மாட்டேண்ணே, நேரா ஆஸ்பத்திரிதான்" என்றார். இடுப்பை முறுக்கவும் இல்லை. இடுப்புப் பக்கம் மடங்கி இறங்குகிற மேசையில் குப்புறப் படுக்கவைத்து, காலை மெதுவாக இழுத்து இழுத்து விட்டார். கடைசியில் நடு முதுகில் ஒரு அழுத்து, படபடவென்று சத்தம்.

"ஜவ்வு உள்ள போயிருச்சா தம்பி?" என்றேன். சிரித்துவிட்டார். அது மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாக்குகிற சத்தமாம். விரல் சொடக்கும் அதேதானாம். ஜவ்வை யாரும் கையால் உள்ளே தள்ள முடியாது என்று அவரே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. கழுத்தையும் திருப்பட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். அபூர்வமாகக் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இடுப்பு வலிக்குக் கழுத்து எதற்கு?

முதல் நாள் ராத்திரி ஒருக்களித்துத் தூங்கினேன், ரொம்ப நாளைக்குப் பிறகு. இரண்டாவது தடவைக்கு மறுநாள் உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. நாலாவதுக்குப் பிறகு வலி குதிகாலை விட்டு முழங்காலுக்கு மேலே ஏறியது. வலி மேலே ஏறினால் நல்லதுதானாம். ஆறோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் ஒரு கூடையைக்கூட நான் தூக்கவில்லை. வீட்டில் சொல்வது, "உங்க முதுகைச் சரிபண்ணது அரசாங்கம்ங்க". பாதியாவது உண்மை. அந்தந்த வாரத்து வலியைக் குறைத்து என்னை நடக்க வைத்ததற்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஜவ்வைச் சரிசெய்ததாக மதிப்பெண் போட மாட்டேன்.

இப்போது கடலுக்குப் போகிறேன். சங்காயக் கூடையை இரண்டு பேராகத் தூக்குகிறோம். படகு டிரைவர் முறைக்கிறார். முறைக்கட்டும்.