ஆங்கிலச் சொற்கள்: அங்கி அட்டையா, வாக்கிய நோட்டா?

அங்கி (Anki) என்பது 2006-இல் வந்த அட்டைச் செயலி: அட்டையின் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. சொல் மறந்துபோகும் தறுவாயில் அட்டையைத் திரும்பக் காட்டும். நன்றாகத் தெரிந்த சொல் என்றால் இடைவெளி நாள், வாரம், மாதம் என்று நீளும். இடைவெளி விட்டுப் படிப்பதுதான் மனதில் நிற்கும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இலேயே எழுதிவிட்டார். வெளிநாட்டு மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ மாதிரி, சொல்லைப் பார்த்ததும் பொருள் தெரிய வேண்டிய தேர்வுக்கு என் ஓட்டு அட்டைக்கே.

பேசவும் எழுதவும் என்றால் கதை வேறு. அட்டை பெரும்பாலும் பொருளைத்தான் கேட்கும். அந்தச் சொல் எதோடு சேரும் என்று கேட்காது. 'டிஸ்கஸ்' என்றால் என்ன என்று கேட்டால் சரியாகச் சொல்பவர்கள்தான் மின்னஞ்சலில் 'டிஸ்கஸ் அபவுட்' என்று தப்பாக எழுதுகிறார்கள்; 'அபவுட்' அங்கே வராது. 'டிசிஷன்' முன்னால் 'மேக்' வரும், 'டூ' (do) வராது. இதெல்லாம் நோட்டில் சொந்த வாக்கியம் எழுதும்போதுதான் இடிக்கும். அதற்காக 'ஹி இஸ் ரிலக்டன்ட்' என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டால் எழுதியதே வீண். யார், எதைச் செய்யத் தயங்குகிறார்? 'ரிலக்டன்ட் டு சைன் த லோன் பேப்பர்ஸ்' என்று எழுதினால் பின்னால் 'டு' (to) வருவதும் சேர்ந்தே பதியும்.

நோட்டில் ஒரு தொல்லை: தப்பு எழுதினாலும் அது சும்மா இருக்கும். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே வரும் பயில்வோர் அகராதி ஒன்றின் எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு ஒத்துப் பார்த்துவிடுங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நோட்டுக்கு நேரமும் அதிகம் பிடிக்கும். நாளுக்கு மூன்று சொல் போதும்.