வேலை போன மறுநாள்: சிங்கப்பூர், பிரிட்டன், ஜெர்மனி விசாக்கள்

வெளிநாட்டு வேலை என்றதும் சம்பளம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறோம். நானும் அப்படித்தான் கேட்டேன். வேலை போய்விட்டால் எத்தனை நாள் அந்த ஊரில் இருக்க விடுவார்கள் என்று கேட்கத் தோன்றியது 2023-இல்தான். சிங்கப்பூரில் நான் வேலை பார்த்த நிறுவனம் எங்கள் பிரிவை மூடிவிட்டது. நான், மனைவி, நான்கு வயது மகள் மூவரும் முப்பது நாளில் வீட்டைக் காலிசெய்து கோயம்புத்தூருக்குத் திரும்பினோம்.

அடுத்த சில மாதங்களில் இரண்டு வாய்ப்புகள் வந்தன. ஒன்று மான்செஸ்டரில், மற்றொன்று ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்து ஊரில். இரண்டுமே வாகன உதிரிபாகத் தரக்கட்டுப்பாட்டு வேலை. நான் ஜெர்மனிக்கு வந்தேன். ஆகவே இந்த அலசலில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை. பிரிட்டனில் நான் வசித்ததில்லை. அந்நாட்டைப் பற்றிச் சொல்வதெல்லாம் விதிகளைப் படித்தும், லெஸ்டரில் இருக்கும் சித்தப்பா மகனிடம் கேட்டும் தெரிந்துகொண்டவை.

சிங்கப்பூரின் வசதிகள் ஊரறிந்தவை. நான்கு மணி நேர விமானப் பயணம், குறைந்த வரி, தமிழ் ஆட்சிமொழி, தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை. வெளிநாட்டு வல்லுநர்களுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு இப்போது மாதம் குறைந்தது 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் வேண்டும். நிதித்துறைக்கு 6,200. வயது கூடக்கூட இந்த வரம்பும் கூடும். 2023 செப்டம்பரில் வந்த 'காம்பஸ்' என்ற மதிப்பெண் முறையில் நாற்பது புள்ளிகளும் எடுக்க வேண்டும். அந்தப் புள்ளிகளில் ஒரு பகுதி நம் தகுதியைப் பொறுத்ததல்ல. நிறுவனத்தில் ஏற்கெனவே எந்த நாட்டவர் எத்தனை பேர், உள்ளூர்க்காரர்கள் எத்தனை பேர் என்பதையும் கணக்கில் எடுக்கிறார்கள். இந்தியர்கள் நிறைந்த அலுவலகத்தில் இன்னொரு இந்தியருக்குப் புள்ளி குறையும்.

பாஸுக்கு விண்ணப்பிப்பது நிறுவனம், நாமல்ல. வேலை முடிந்த ஒரு வாரத்துக்குள் அதை ரத்து செய்வதும் நிறுவனமே. அன்றிலிருந்து முப்பது நாள் தங்கலாம். என்னைச் சார்ந்த பாஸில் இருந்த மனைவிக்கும் மகளுக்கும் அதே முப்பது நாள். இதைவிடக் கசப்பான ஒன்று உண்டு. வெளிநாட்டவர் வேலையை விட்டுப் போகும்போது வரிக்கணக்கு முடியும்வரை அவருக்குச் சேரவேண்டிய பணத்தை நிறுவனம் பிடித்துவைக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். விதி நியாயமானதாக இருக்கலாம். ஆனால் கடைசிச் சம்பளம் கைக்கு வராமல் புது வேலை தேடும் மாதம் எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். எனக்கு ஒரு நிறுவனம் வேலை தர ஒப்புக்கொண்டது. ஆனால் நான்கு வாரத்துக்குள் அவர்களால் புது விண்ணப்பத்தைப் போட முடியவில்லை. அவ்வளவுதான், ஊர் திரும்பினோம்.

பிரிட்டனில் உங்களுக்கு வேலை தரும் நிறுவனம் அரசிடம் ஸ்பான்சர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அது தரும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழின் எண்ணை வைத்துத்தான் 'ஸ்கில்டு ஒர்க்கர்' விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அரசே இணையத்தில் வெளியிடுகிறது. சான்றிதழை வாங்கித் தருகிறேன், பத்து லட்சம் கொடு என்று கேட்கும் முகவரிடம் பேசுவதற்கு முன் அந்தப் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். சான்றிதழ் விலைக்கு விற்கப்படும் பொருளல்ல. அதற்கான கட்டணத்தையும், வெளிநாட்டவரை எடுப்பதற்காக நிறுவனம் அரசுக்குக் கட்டும் திறன் கட்டணத்தையும் ஊழியர் தலையில் கட்ட நிறுவனத்துக்கு அனுமதி கிடையாது.

எனக்கு வந்த மான்செஸ்டர் கடிதத்தில் ஆண்டுச் சம்பளம் 36,500 பவுண்டு. இந்த விசாவுக்கான பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் 26,200-இலிருந்து 38,700 பவுண்டாக உயர்ந்தது 2024 ஏப்ரல் 4 அன்று. அதாவது மார்ச்சில் செல்லுபடியாகும் சம்பளம் ஏப்ரலில் செல்லாக்காசு. 2025 ஜூலையில் வரம்பு 41,700 ஆனது. வேலையும் பட்டப்படிப்புத் தரத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். முதியோர் பராமரிப்புப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து ஆளெடுக்கும் வழியும் அதே நாளில் மூடப்பட்டது.

செலவுதான் என்னை முதலில் தயங்கவைத்தது. மருத்துவத்துக்கான கூடுதல் கட்டணம் பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776. ஐந்தாண்டு விசாவுக்கு மூன்று பேர் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்: 14,230 பவுண்டு. இதை விமானம் ஏறுவதற்கு முன்பே, விண்ணப்பத்தோடு கட்ட வேண்டும். விசாக் கட்டணம் தனி. என் பங்கை மட்டும் தருவதாக நிறுவனம் சொன்னது. மீதிக்கு மனைவியின் நகைகளைப் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

ஸ்பான்சர் உறவு முறிந்தால் நிறுவனம் பத்து வேலை நாளுக்குள் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பிறகு உள்துறை நம் விசாவை வழக்கமாக அறுபது நாளாகச் சுருக்கிக் கடிதம் அனுப்பும். அந்தக் கடிதம் உடனே வந்துவிடாது என்கிறான் சித்தப்பா மகன். சிலருக்குச் சில வாரம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறதாம். அதை நம்பி இருக்க முடியாது. அவன் தானாகவே வேலை மாறியபோதும் புது சான்றிதழ், புது விண்ணப்பம், மறுபடியும் கட்டணம், அனுமதி வரும்வரை புது இடத்தில் கால் வைக்கக் கூடாது என்று எல்லாம் முதலிலிருந்து நடந்தன. உரிமம் உள்ள நிறுவனத்துக்கு மட்டுமே மாறலாம் என்பதால் தேடும் களமும் சிறிது. ஐந்தாண்டில் கிடைத்துவந்த நிரந்தர வசிப்புரிமையைப் பத்தாண்டாக்கும் திட்டத்தையும் 2025 மே மாத வெள்ளையறிக்கை முன்வைத்திருக்கிறது. ஆங்கிலம் தெரிந்த ஊர், ஈஸ்ட் ஹாமில் இட்லிக் கடை எல்லாம் சரிதான். விதிகள் மாறும் வேகம் எனக்கு ஒத்துவரவில்லை.

ஜெர்மனியில் ஸ்பான்சர் என்ற சொல்லுக்கே வேலையில்லை. நிறுவனத்துக்கு உரிமம் தேவையில்லை. இருபது பேர் வேலை செய்யும் பட்டறைகூட வேலை ஒப்பந்தத்தோடு ஒரு படிவத்தை நிரப்பித் தந்தால் போதும். விண்ணப்பிப்பது நாம். பட்டதாரிப் பணியாளர்களுக்கான வசிப்பு அனுமதியான புளூ கார்டுக்கு 2026-இல் ஆண்டுச் சம்பளம் 50,700 யூரோ வேண்டும். பொறியியல் போன்ற தட்டுப்பாட்டுத் தொழில்களுக்கும் பட்டம் பெற்று மூன்றாண்டு ஆகாதவர்களுக்கும் 45,934.20 யூரோ. நான் வந்த 2024-இல் இவை 45,300-உம் 41,041.80-உம். வரம்பு ஆண்டுதோறும் ஏறுகிறது. ஆனால் படிப்படியாக, முன்கூட்டியே தெரியும்படி ஏறுகிறது.

நம் பட்டம் 'அனாபின்' என்ற தரவுத்தளத்தில் ஏற்கப்பட்டதாக இருக்க வேண்டும். அதில் கல்லூரியின் பெயரைத் தேடிக் காணவில்லை என்று நண்பர் ஒருவர் கலங்கிப்போனார். பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேட வேண்டும். அங்கும் தெளிவில்லை என்றால் 208 யூரோ கட்டி மதிப்பீட்டுச் சான்று வாங்கலாம்.

என் முடிவைத் தீர்மானித்த இடத்துக்கு வருகிறேன். புளூ கார்டின் முதல் பன்னிரண்டு மாதம் வேலை மாறினால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் முப்பது நாள் நிறுத்திவைத்துப் பரிசீலிக்கலாம். அதன்பின் மாறுவதற்கு யார் அனுமதியும் வேண்டாம். வேலை போனால் இரண்டு வாரத்துக்குள் அந்த அலுவலகத்துக்கு எழுதவேண்டும். அட்டை வாங்கி இரண்டாண்டு ஆகாதவருக்கு மூன்று மாதம், அதற்கு மேற்பட்டவருக்கு ஆறு மாதம் வரை வேலையில்லை என்ற காரணத்துக்காக அட்டையைப் பறிக்கக் கூடாது என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021-ஆம் ஆண்டு நெறிமுறை.

இதைக் காகிதத்தில் படித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். சோதித்துப் பார்க்கவும் நேர்ந்தது. 2024 ஜூனில் சேர்ந்தேன். 2025 மே கடைசியில் ஆள்குறைப்புக் கடிதம் வந்தது. வாகனத் தொழில் இங்கே தள்ளாடுவது தெரிந்த செய்திதான். ஒப்பந்தப்படி இரண்டு மாத முன்னறிவிப்பு, அதுவரை முழுச் சம்பளம். கடிதம் கிடைத்த மூன்று நாளுக்குள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேலை தேடுபவனாகப் பதிவு செய்தேன். இதைத் தவறவிட்டால் உதவித்தொகையில் ஒரு வாரம் போய்விடும்.

உதவித்தொகை என்றா சொன்னேன்? அது உதவியல்ல, நான் கட்டிய காப்பீடு. மாதாமாதம் சம்பளச் சீட்டில் வரி, ஓய்வூதியம், நோய்க் காப்பீடு, பராமரிப்புக் காப்பீடு என்று நீளும் பிடித்தங்களைப் பார்த்து எரிச்சல்பட்டிருக்கிறேன். அவற்றுக்கு நடுவே 1.3 விழுக்காடு என்று ஒரு சின்னப் பிடித்தம் இருந்தது. வேலையின்மைக் காப்பீடு. முப்பது மாதத்தில் பன்னிரண்டு மாதம் அதைக் கட்டியிருந்தால் வேலை இல்லாதபோது நிகரச் சம்பளத்தில் 60 விழுக்காடு, குழந்தை உள்ளவருக்கு 67 விழுக்காடு கிடைக்கும். நான் பதினான்கு மாதம் கட்டியிருந்தேன். ஆறு மாதத்துக்கு உரிமை இருந்தது. ஆகஸ்டிலிருந்து வந்த அந்தப் பணம் வாடகைக்கும் மளிகைக்கும் போதுமானதாக இருந்தது. சார்ந்து வந்தவர் என்றாலும் மனைவி முதல் நாளிலிருந்தே தடையின்றி வேலை பார்க்கலாம் என்பதால் அவரது பகுதிநேரச் சம்பளமும் கைகொடுத்தது. சிங்கப்பூரில் சார்ந்த பாஸில் இருப்பவர் வேலை செய்ய 2021 மே முதல் தனி வேலை அனுமதி வேண்டும்.

அக்டோபர் நடுவில் புது வேலை கிடைத்தது. இடையில் வேலையற்று இருந்தது இரண்டரை மாதம். முன்னறிவிப்புக் காலத்தையும் சேர்த்தால் தேடுவதற்கு எனக்கு ஐந்து மாதம் இருந்தது என்று சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் நான்கு வாரத்தில் கிட்டாத ஒன்று இங்கே நான்கரை மாதத்தில் கிட்டியது. என் திறமை மாறிவிடவில்லை. பன்னிரண்டு மாதத்துக்கு முன்பே, குறிப்பாக ஆறு மாத சோதனைக் காலத்தில், வேலை போயிருந்தால் கதை வேறு. அப்போது இரண்டு வார அறிவிப்பில் அனுப்பிவிடலாம், காப்பீட்டுத் தொகையும் கிடையாது. அந்த ஆறு மாதமும் நான் நிம்மதியாகத் தூங்கவில்லை.

ஜெர்மனியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டவர் அலுவலகத்தில் சந்திப்பு நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அட்டை கைக்கு வர எங்களுக்கு நான்கு மாதம் ஆயிற்று. மொழி தெரியாவிட்டால் தேடும் வேலைகளில் பாதி கதவைச் சாத்திவிடும். எனக்கு இரண்டாவது வேலை கிடைத்ததற்குக் காரணம், இரண்டாம் முயற்சியில் தேறிய பி1, அதாவது இடைநிலை ஜெர்மன் மொழிச் சான்றிதழ். அதே சான்றிதழ் இருந்தால் புளூ கார்டுக்காரர்களுக்கு இருபத்தொரு மாத வேலையில் நிரந்தர வசிப்புரிமை, தொடக்கநிலையான ஏ1 அளவு மட்டும் என்றால் இருபத்தேழு மாதம். இடைவெளியைக் கழித்தால் எனக்கு அது மே மாதம் வரும்.

ஒரே ஒரு விஷயத்தில் சிங்கப்பூரை இன்னும் நினைத்துக்கொள்கிறேன். அம்மா. மாதம் 12,000 வெள்ளி சம்பாதிப்பவர் பெற்றோரை அங்கே நீண்ட காலம் தங்க அழைத்துக்கொள்ளலாம். ஜெர்மனியிலும் 2024 மார்ச் 1 அன்றோ அதற்குப் பிறகோ முதன்முதலாக அனுமதி பெற்றவர்கள் பெற்றோரை அழைக்க வழி வந்திருக்கிறது. ஆனால் எழுபது வயதுக்காரருக்கு நோய்க் காப்பீடு எடுத்துக் காட்ட வேண்டும். இதுவரை விசாரித்த மூன்று காப்பீட்டு நிறுவனங்களும் அம்மாவின் வயதைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டன. நான்காவதற்குப் போன வாரம் எழுதியிருக்கிறேன்.