ஸ்மார்ட் போர்டில் கணக்குப் பாடம்: பல வருடம் பயன்படுத்திய பிறகு

வடசென்னையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். கொரோனாவுக்கு முன்னால் ஒரு புரொஜெக்டர், அப்புறம் முன்னாள் மாணவர்கள் வாங்கிக் கொடுத்த, ஸ்மார்ட் போர்டு என்று எல்லாரும் சொல்லும் 75 இன்ச் டச் பேனல், கூடவே லேப்டாப், செல்போன், வாட்ஸ்அப் குரூப் என்று எல்லாவற்றோடும் வருஷக்கணக்கில் குப்பை கொட்டியாகிவிட்டது. டெமோ காட்ட வருகிறவர்கள் முக்கால் மணி நேரத்தில் காட்டுவது வேறு, ஜூன் முதல் ஏப்ரல் வரை தினமும் அதை வைத்துப் பாடம் நடத்துவது வேறு. மற்ற பள்ளி டீச்சர்கள் “வாங்கலாமா?” என்று கேட்கும்போது போனில் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நல்லதிலிருந்து ஆரம்பிக்கலாம். கணக்குக்கு இதுவரை கிடைத்ததிலேயே உருப்படியான கருவி ஜியோஜீப்ரா என்ற மென்பொருள். ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்பவர் 2001-இல் தொடங்கியது. வகுப்புக்குப் பயன்படுத்தக் காசு கிடையாது. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இன்டர்நெட்டும் தேவையில்லை, பழைய லேப்டாப்பில்கூட ஓடும்.

பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தில் இருபடிச் சமன்பாட்டின் வரைபடம் வரும். எக்ஸ் ஸ்கொயருக்கு முன்னால் நிற்கும் கெழு பூச்சியமாக இருக்கக் கூடாது என்று புத்தகம் சொல்லும். பிள்ளைகளும் அதை அப்படியே ஒப்பிப்பார்கள், ஏன் என்று கேட்டால் முழிப்பார்கள். ஜியோஜீப்ராவில் அந்தக் கெழுவுக்கு ஒரு ஸ்லைடர் (இழுத்தால் எண்ணின் மதிப்பு மாறும் பட்டை) வைத்து மெல்லக் குறைத்துக்கொண்டே போனால், கிண்ணம் மாதிரி நிமிர்ந்திருந்த பரவளையம் வாயை அகலத் திறந்துகொண்டே போகும். பூச்சியத்துக்கு வந்ததும் நேர்க்கோடாகப் படுத்துவிடும். இன்னும் கொஞ்சம் தள்ளினால், “மிஸ், கவுந்துடுச்சு மிஸ்!” என்று கடைசி பெஞ்சிலிருந்து சத்தம் வரும். திரும்பவும் நேர்க்கோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, “இப்ப இது இருபடியா?” என்று கேட்டால் போதும், அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. மாறிலியை ஏற்றினால் வளைவரை மேலே எழும். எக்ஸ் அச்சை இரண்டு இடத்தில் வெட்டியது ஒரே இடத்தில் தொட்டு, பிறகு தொடாமலே போய்விடும். தீர்வு எப்படி வரும் என்று சொல்லும் தன்மைகாட்டி பூச்சியத்தைவிடப் பெரியது, சமம், சிறியது என்று மூன்று வரியாக மனப்பாடம் செய்வதைக் கண்ணால் பார்த்துவிடுகிறார்கள். சாக்பீஸை வைத்துக்கொண்டு நான் எத்தனை படம் போட்டாலும் இது நடக்காது.

இதே பேனலின் பெரிய குறை அதன் வேகம். கரும்பலகையில் நான் அச்சு வரைந்து, அளவுத்திட்டம் எழுதி, புள்ளி புள்ளியாக வைத்துப் போகும்போது என் கையும் பிள்ளைகளின் கையும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் நகரும். நான் திரும்பிப் பார்த்தால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியும். பேனலில் ஒரு தட்டு தட்டினால் முழுப் படமும் வந்து நிற்கிறது. “புரிஞ்சுதா?” என்றால் மொத்த வகுப்பும் “புரிஞ்சுது மிஸ்” என்கிறது. கிராஃப் தாளைக் கொடுத்துப் போடச் சொன்னால்தான் சாயம் வெளுக்கும். பாதிப் பேர் அளவுத்திட்டமே எழுத மாட்டார்கள். சிலர் புள்ளிகளை ஸ்கேல் வைத்து இணைத்துவிடுவார்கள், பரவளையம் மூலை மூலையாக நிற்கும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வடிவியலுக்கு எட்டு, வரைபடத்துக்கு எட்டு என 16 மதிப்பெண் அப்படியே கையில்தான் இருக்கிறது. தேர்வு ஹாலில் ஸ்லைடர் கிடையாது.

அதனால் எங்கள் வகுப்பில் வரிசை இப்படித்தான்: முதலில் கையால் கிராஃப் தாளில், அப்புறம்தான் திரை. தன் கையால் ஒரு பரவளையம் போட்டு முடித்த பிள்ளை ஸ்லைடரைப் பார்க்கும் பார்வையே வேறு. நேரம் கூடுதலாகத்தான் பிடிக்கிறது. பிடிக்கட்டும்.

காம்பஸ் விஷயத்தில் நான் பேனல் பக்கமே போவதில்லை. திரையில் வரும் காம்பஸ் வழுக்காது, முள் நகராது, வில்லும் வில்லும் சரியாக ஒரே புள்ளியில் வெட்டும். நிஜ காம்பஸில் பென்சில் திருகாணி லூஸாக இருக்கும், முனை மழுங்கியிருக்கும், பாதி வில்லில் முள் நழுவும். வெளிப்புள்ளியிலிருந்து வட்டத்துக்குத் தொடுகோடு வரையும் கணக்கில் இந்தச் சின்ன நழுவல்தான் மதிப்பெண்ணைத் தின்கிறது. பெரிய மரக் காம்பஸில் சாக்பீஸைச் சொருகி, இடது கையால் முள்ளை அழுத்திப் பிடித்துக்கொண்டு நான் வரைவதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பிடிக்கும் விதத்தைக் கற்றுக்கொள்கிறார்கள்.

சரி, இத்தனை வருடத்தில் வகுப்பை உண்மையிலேயே மாற்றியது எது என்று கேட்டால், டச் வசதி இல்லை, அனிமேஷன் வீடியோக்களும் இல்லை. ஒரு சின்ன ஸ்டாண்டில் என் போனைக் கவிழ்த்து மாட்டி, அதன் கேமராவில் தெரிவதைப் பேனலில் காட்டுவதுதான். ஒரு பிள்ளையின் ரஃப் நோட்டைக் கேட்டு வாங்கி, பெயர் தெரியாமல் மடித்து அதன் கீழே வைப்பேன். அடைப்புக்குறிக்கு வெளியே மைனஸ் இருக்கும்போது உள்ளே முதல் உறுப்புக்கு மட்டும் குறியை மாற்றிவிட்டு இரண்டாவதை அப்படியே விடுவது ஒன்பதாம் வகுப்பின் தேசிய வியாதி. அதை நான் போர்டில் எழுதி “இப்படிச் செய்யாதீங்க” என்றால் யாருக்கும் உறைக்காது. தங்களில் ஒருவரின் கையெழுத்தில், அடித்தல் திருத்தலோடு, திரையில் பெரிதாகத் தெரியும்போது முப்பது பேர் குனிந்து தங்கள் நோட்டைச் சரிபார்க்கிறார்கள். சில நாட்களில் நல்ல நோட்டையும் வைப்பேன். இதற்கு ரிச்சி தெருவில் ஒரு ஸ்டாண்டும் ஹெச்டிஎம்ஐ கேபிளும் வாங்கிய செலவுதான். போனிலிருந்து அந்த கேபிளுக்கு வரும் இணைப்பான் மட்டும் உங்கள் போனுக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே சொருகிப் பார்த்து வாங்குங்கள், எல்லா போனிலும் வேலை செய்யாது.

பேனலில் எழுதியதை அப்படியே பிடிஎஃப் ஆக்கி அனுப்பும் வசதியும் முதலில் வரமாகத் தெரிந்தது. காய்ச்சலில் படுத்த பிள்ளை பாடத்தை விடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் பள்ளிகள் நாள்கணக்கில் மூடியிருந்தபோதும், நோட்டு நனைந்த பிள்ளைகளுக்கு இந்த பிடிஎஃப்கள்தான் கைகொடுத்தன. ஆனால் தினமும் அனுப்ப ஆரம்பித்தால் வகுப்பில் பேனா கீழே போய்விடும். “மிஸ், அதான் அனுப்பிடுவீங்கல்ல?” என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். இப்போதெல்லாம் வராதவர்களுக்கு மட்டும்தான் அனுப்புகிறேன்.

அறை பற்றி யாரும் யோசிப்பதில்லை. எங்கள் வகுப்பு மேற்குப் பார்த்தது. மதியத்துக்குப் பிறகு வெயில் நேராகத் திரையில் அடித்தால் பாதி போர்டு கண்ணாடியாகிவிடும். ஜன்னலைச் சாத்தித் திரைச்சீலை போட்டால் படம் தெரியும், காற்று வராது. மார்ச் மாதம் ஐம்பது பிள்ளைகளை அந்த அறையில் அடைத்து வைத்துப் பாருங்கள். புரொஜெக்டர் காலத்தில் இது இன்னும் மோசம், விளக்கையும் அணைக்க வேண்டும், பின் வரிசை நிம்மதியாகத் தூங்கும். 75 இன்ச் என்பது கடையில் பெரிதாகத் தெரியும். நீளமான அறையில் கடைசி பெஞ்சுக்குப் பின்னத்தின் கீழ் எண் தெரியாது. கரும்பலகையில் சுவர் முழுக்க எழுதலாம், பீரியட் தொடக்கத்தில் எழுதிய சூத்திரம் கடைசி வரை மூலையில் நிற்கும். பேனலில் அடுத்த பக்கம் போனால் முந்தைய பக்கம் போயே போச்சு. “மிஸ், பின்னாடி போங்க மிஸ்” என்பது எங்கள் வகுப்பில் அதிகம் கேட்கும் வாக்கியம்.

பாட வீடியோக்கள் பற்றிச் சுருக்கமாக. 2018 முதல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் க்யூஆர் கோடு அச்சிட்டிருக்கிறார்கள், அதை ஸ்கேன் செய்தால் பாட வீடியோ வரும். நமது பாடத்திட்டத்துக்கென்றே செய்தவை என்பதால் கலைச்சொற்கள் புத்தகத்தோடு ஒத்துப்போகும். வெளியில் காசு கொடுத்து வாங்கும் கன்டென்ட் பேக்கேஜ்களில் அது கிடையாது. ஆங்கிலத்தில் செய்ததைத் தமிழில் குரல் மட்டும் ஏற்றியிருப்பார்கள், புத்தகத்தில் ‘வடிவொத்த’ என்றிருப்பது அங்கே வேறு ஏதோ பெயரில் வரும். லைசென்ஸ் முடிந்ததும் எல்லாம் பூட்டிக்கொள்ளும், ஒரு கல்வியாண்டின் நடுவில் எங்களுக்கு அப்படித்தான் ஆனது. யூடியூப் என்றால் முன்கூட்டியே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள், விகிதமுறு கோவைகளுக்கு நடுவில் ஏதாவது விளம்பரம் வந்தால் அந்த பீரியட் முடிந்தது.

கம்ப்யூட்டர் லேப்பில் வேறொரு சங்கதி. இரண்டு பேருக்கு ஒரு சிஸ்டம் என்றால் மவுஸ் எப்போதும் ஒரே பிள்ளையின் கையில்தான் இருக்கும், பெரும்பாலும் வீட்டில் ஏற்கெனவே கம்ப்யூட்டர் இருக்கிற பிள்ளையின் கையில். மற்றது ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். பாதி பீரியடில் இடம் மாறு என்று சொன்னால்தான் உண்டு. பக்கத்து அறை சயின்ஸ் டீச்சர், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் தரும் ஃபெட் சிமுலேஷன்களில் மின்சுற்றைப் போட்டுக் காட்டுவார். அதுவும் இலவசம், தமிழிலும் பல இருக்கின்றன. ஆனால் பல்பும் பேட்டரியும் கையில் கொடுத்த பிறகுதான் திரைக்குப் போவார். நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு செய்ததில்லை, தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்திருக்கிறோம்.

வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் போடுவதை நான் நிறுத்திவிட்டேன். எங்கள் பிள்ளைகள் பலர் வீட்டில் ஒரே போன், அது அப்பாவோடு ஆட்டோவிலோ, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலோ இருக்கும். இரவு ஒன்பது மணிக்கு அவர் வந்த பிறகுதான் பிள்ளைக்குக் கிடைக்கும், கிடைத்தாலும் கணக்கோடு நிற்குமா? கொரோனா காலத்தில் இதைவிட, 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி பரவாயில்லை. டிவி வீட்டுக்குச் சொந்தம், ரீசார்ஜ் தனியாக வேண்டாம், சந்தேகம்தான் கேட்க முடியாது. பள்ளிக்குள் பிள்ளைகள் போன் கொண்டுவருவதைப் பற்றி 2023-இல் வந்த யுனெஸ்கோவின் உலகக் கல்வி அறிக்கை, நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான நாடுகளே சட்டமாகவோ கொள்கையாகவோ தடை வைத்திருப்பதாகச் சொன்னது. எங்களுக்கு அந்த விவாதமே இல்லை, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

அதே வருடம் ஸ்வீடன் அரசு அச்சுப் புத்தகங்களுக்குத் திரும்ப நிதி ஒதுக்கிய செய்தி ஸ்டாஃப் ரூம் குரூப்பில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. “பாத்தீங்களா, அவங்களே விட்டுட்டாங்க” என்று சீனியர் சார் ஒருவர் பேனலைக் கை காட்டுவார். அங்கே ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்துச் சலித்துப்போன நிலைமை, சார். இங்கே ஐம்பது பேருக்கு ஒரு திரை. அவர்களின் தலைவலி நமக்கு வர இன்னும் காலம் இருக்கிறது. நம் தலைவலி வேறு: காலையில் முதல் பீரியடில் ஆப்பில் வருகைப் பதிவு சுற்றிக்கொண்டே நிற்பது, அதற்கப்புறம் மதிப்பெண் பதிவேற்றம், போட்டோ பதிவேற்றம். டீச்சர்களுக்குத் தொழில்நுட்பத்தின் மேல் வெறுப்பு வருவதற்குப் பாடம் காரணமில்லை, இந்தப் பதிவேற்றங்கள்தான் காரணம்.

வாங்கப் போகிறவர்களுக்கு: பத்து அறைக்கு மலிவான பத்து பேனல் வாங்குவதைவிட, வெயில் படாத நான்கு அறையில் நல்லதாக நான்கு மாட்டி, டைம்டேபிளில் பகிர்ந்துகொள்ளலாம். கரும்பலகையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்ட ஆள் வந்தால் தடுத்துவிடுங்கள், பக்கத்தில் மாட்டச் சொல்லுங்கள், சுவரில் இடமில்லை என்றால் சக்கரம் வைத்த ஸ்டாண்ட் கிடைக்கிறது. தரைத்தளம் என்றால் யூபிஎஸ்ஸைத் தரையில் வைக்கவே வைக்காதீர்கள், நவம்பர், டிசம்பர் மழை யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஒயரைக் குழாய்க்குள் விட்டு இழுக்கச் சொல்லுங்கள், எங்கள் பள்ளி எலிகள் ஒருமுறை ஹெச்டிஎம்ஐ கேபிளை ருசி பார்த்திருக்கின்றன. வாரண்டி முடிந்த பிறகு டச் வேலை செய்யாமல் போனால் யார் வருவார்கள், எத்தனை நாளில் வருவார்கள் என்பதை விலை பேசும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சில் எல்லாரும் “மறுநாளே ஆள் வரும் மேடம்” என்றுதான் சொல்வார்கள்.