விருந்துக்குச் சாப்பாடு ஓடர் கொடுக்கப் போறீங்களா? திருகோணமலைக்காரர் ஒருமுறை இதை வாசித்துவிட்டு அட்வான்ஸ் கட்டுங்கள்

உப்புவெளிப் பக்கம் கடற்கரையோர மண்டபமொன்றில் முதலாவது பிறந்தநாள் விருந்து. 120 பேருக்கென்று பேச்சு. தொண்ணூறாவது ஆள் தட்டை நீட்டும்போதே ஃப்ரைட் றைஸ் சட்டியில் அடி தெரிந்துவிட்டது. கடைசி மூன்று மேசைக்கு இறால் இல்லை, கோழியும் எலும்பும் தோலுமாக ஒரு துண்டு. இரவு 11 மணிக்குக் கையில் கொடுத்த பில்லில் மட்டும் 146 தட்டு! சமைத்துக் கொடுத்தவரின் பெயர் இங்கே வேண்டாம். எங்கெங்கே, எப்படிக் குறைத்தார் என்பதைத் தெரிந்துகொண்டால் அடுத்த வீடு தப்பும்.

அரிசியில் இருந்து தொடங்குவோம். ஒரு கிலோ அரிசி வெந்தால் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று கிலோ சோறு வரும். ஆளுக்கு 300 கிராம் சோறு என்றால் 100 முதல் 120 கிராம் அரிசி வேண்டும். 120 பேருக்கு 12 முதல் 14 கிலோ. இவர் போட்டது 8 கிலோ. கேட்டதற்கு வந்த பதில்: "பஃபேயில எல்லாரும் அளவாத்தான் எடுப்பாங்க." பசியோடு வரிசையில் நிற்கிற முதல் ஐம்பது பேர் அளவாக எடுப்பதை யாராவது கண்டதுண்டா?

கோழியில் நடப்பது வெட்டு விளையாட்டு. ஒரு கோழியை 8 துண்டாக வெட்டினால் ஆளுக்கொரு துண்டு வீதம் 15 கோழி வேண்டும். அதையே 12 துண்டாக வெட்டினால் 10 கோழி போதும். ஐந்து கோழியின் காசு அப்படியே மிச்சம், ஆனால் 'ஆளுக்கு ஒரு துண்டு' என்ற பேச்சு பிசகவில்லை. இறாலும் இப்படித்தான். '5 கிலோ இறால்' என்பது தலையும் ஓடும் சேர்ந்த எடை. உரித்தால் பாதிக்குச் சற்று மேல்தான் தேறும். ஆகவே மெனுவில் கறிகளின் பெயரை மட்டும் எழுதி வாங்காதீர்கள். அரிசி எத்தனை கிலோ, கோழி எத்தனை, எத்தனை வெட்டு, உரித்த இறால் எத்தனை கிலோ என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிறவர் எதையோ குறைக்கப் போகிறார் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

அறக்குளா மீன் என்று பேசிவிட்டுச் சூரை மீனைப் போடுவதும் உண்டு. வெட்டும்போதே சூரையின் சதை கருஞ்சிவப்பாக இருக்கும் என்பதால் நம்மூர்க்காரரைச் சந்தையில் ஏமாற்ற முடியாது. மசாலா பூசிப் பொரித்துவிட்டால்தான் பலருக்குத் தெரிவதில்லை. விலை வித்தியாசத்தைவிடப் பெரிய பிரச்சினை வேறு இருக்கிறது. ஐஸ் போதாமல் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உருவாகும். அது பொரித்தாலும் அவித்தாலும் போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடிக்கும். 'மீன் அலர்ஜி' என்று சொல்லி மழுப்பிவிடுவார்கள்.

இந்த விருந்தில் நடந்த மிக மோசமான வேலை நேரத்தில்தான். சமையல் முடிந்தது பகல் 11 மணிக்கு. சூட்டோடு மூடிக் கட்டி, வானில் ஏற்றி, மண்டபத்துக்கு வந்தது மாலை ஆறரைக்கு. பரிமாறியது எட்டரைக்கு. சமைத்த உணவு 60 பாகைக்கு மேலே சூடாக இருக்கவேண்டும், அல்லது 5 பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்கவேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில் இரண்டு மணித்தியாலம்தான் கணக்கு. வெளி வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் ஒரே மணித்தியாலம். கச்சான் காற்றடிக்கிற ஆனி, ஆடி மாதங்களில் திருகோணமலைப் பகல் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சோற்றில் ஒரு தனி ஆபத்து உண்டு. அரிசியிலுள்ள சில கிருமிகளின் வித்துகள் கொதியிலும் சாகாது. பெரிய சட்டியில் மூடிக் கிடக்கும் இளஞ்சூட்டில் அவை பெருகி நஞ்சை விடும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. 'கொண்டுவந்து சூடாக்கித்தானே தந்தோம்' என்பது பதிலே அல்ல. பரிமாறுவதற்கு இரண்டு மணித்தியாலத்துக்குள் சமையல் முடியவேண்டும் என்று ஓடரிலேயே எழுதுங்கள். இரவு விருந்தென்றால் மாலை 5 மணிக்கு உங்கள் ஆள் ஒருவர் சமையலிடத்தில் நிற்கட்டும்.

கடற்கரையில் வைப்பவர்களுக்கு இன்னொன்று. பஃபே சட்டிக்குக் கீழே எரியும் ஜெல் டப்பா காற்றுக்கு அணைந்துவிடும். முன்பு வேறெங்கோ எரித்துப் பாதியான டப்பாவையே கொண்டுவந்து வைப்பதும் நடக்கிறது. புது டப்பாவா என்று மூடியைத் திறந்து பாருங்கள், காற்று வரும் பக்கம் மறைப்புக் கட்டச் சொல்லுங்கள். கார்த்திகை, மார்கழியில் திறந்தவெளியில் வைப்பதென்றால் மழைக்குத் தகரப்பந்தல் யார் செலவு என்பதையும் முதலே பேசுங்கள்.

146 தட்டு எப்படி வந்தது? கொண்டுவந்தது 200, மிஞ்சியது 54, ஆகவே போனது 146 என்பது அவர் கணக்கு. இரண்டாம் முறை சோறு எடுக்கப் புதுத் தட்டு எடுத்தவர்களும், கேக் வைக்கத் தட்டு எடுத்தவர்களும், பாட்டுப் போட வந்த பையன்களும், அவருடைய ஆட்களும் அதற்குள் அடக்கம். பரிமாறத் தொடங்க முன்னரே இரண்டு தரப்பும் சேர்ந்து தட்டை எண்ணவேண்டும். கேக்குக்கு வேறு தட்டு. ஐந்து வயதுக்குக் கீழே இலவசமா, பத்து வயதுவரை அரை விலையா, போட்டோக்காரருக்கும் சாரதிகளுக்கும் என்ன விலை என்பதும் தாளில் இருக்கட்டும்.

ஹோட்டல் மண்டபமென்றால் பில்லின் அடியைப் பாருங்கள். தட்டு 2,500 ரூபா என்பார்கள். அதற்கு மேல் 10 வீதம் சேவைக் கட்டணம், அந்தக் கூட்டுத்தொகையின் மேல் 18 வீதம் வற் (VAT) வரி என்றால் தட்டு 3,245 ரூபா. 120 பேருக்கு 89,400 ரூபா கூட. "எல்லாம் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். வற் பதிவில்லாதவர் வற் அறவிட முடியாது. பதிவிலக்கம் போட்ட பில்லைக் கேளுங்கள்.

கேக்கை அட்டையோடு நிறுத்தால் எடை பொய். அடுக்குக் கேக்கில் கீழ்த்தட்டு கேக்கா, வெறும் றெஜிஃபோமா (நுரை அட்டையா) என்பதையும் கேட்டுவிடுங்கள். 'கிண்ணியா எருமைத் தயிர்' என்று எழுதியிருந்தால் சட்டியை மெல்லச் சரித்துப் பாருங்கள். நல்ல எருமைத் தயிர் இறுகி நிற்கும். மாவு கலந்த சந்தேகம் இருந்தால் அயடீன் ஒரு துளி விடுங்கள், கருநீலமானால் மாவுதான். (சோதித்த கரண்டித் தயிரைக் கொட்டிவிடுங்கள்.)

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: பேசும்போது கால்வாசி, மூன்று நாளைக்கு முன் பாதி, விருந்து முடிந்து எண்ணிப் பார்த்தபின் மீதிக் கால்வாசி. சாமான் வாங்க அவருக்கும் காசு வேண்டும், அதில் நியாயமுண்டு. முழுக்காசையும் முதலே கேட்பதில் நியாயமில்லை. வங்கியில் போடும் கணக்கின் பெயரும் பற்றுச்சீட்டின் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும்.

மோசம் போனபின் செய்யக்கூடியவை: நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம், எழுத்து முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். எழுதி வாங்கிய மெனுவும் பற்றுச்சீட்டும் வட்ஸ்அப் பேச்சும் அங்கே உதவும். யாருக்காவது வயிற்றோட்டம், சத்தி என்றால் உடனே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். சோதனைக்குக் கொடுக்க, பரிமாறத் தொடங்கும்போதே ஒவ்வொரு கறியிலும் ஒரு கிண்ணம் எடுத்து மூடி, நேரத்தை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் வையுங்கள். பிறந்தநாள் வீட்டில் அதை யாரும் செய்திருக்கவில்லை. சட்டிகளெல்லாம் அன்றிரவே கழுவப்பட்டு வானில் ஏறிவிட்டன.