தவிடு சேர்த்த கோதுமை மாவு: ஐந்து மாதம் சாப்பிட்ட பிறகு

தில்லி ஆர்.கே.புரத்தில் மலை மந்திருக்குப் போகும் வழியில் உள்ள மளிகைக்கடையில் வாங்கினேன். ஐந்து கிலோ பை. கோதுமையோடு கூடுதலாகத் தவிடும் இசப்கோலும் சேர்த்தது. அத்தைக்கு மலச்சிக்கல் என்பதால்தான் வாங்கினோம். பத்தே நாளில் அவர் முகம் தெளிந்துவிட்டது. அதற்கு முழு மதிப்பெண்.

பிசையப் பொறுமை வேண்டும். தவிடு தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். வெந்நீர் விட்டுப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் வைத்தால் சப்பாத்தி மெத்தென்று வருகிறது. அவசரப்பட்டுத் தேய்த்தால் ஓரமெல்லாம் வறண்ட வயலாக வெடிக்கிறது. ருசியில் குறையில்லை. கத்தரிக்காய் கொத்சுவோடு இன்னும் இரண்டு கேட்கும்.

என் வருத்தம் பையின் முன்பக்கத்தில் இருக்கிறது. ‘இரும்புச்சத்து நிறைந்தது’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஹீமோகுளோபின் 9.4 இருந்த நான் அதை நம்பினேன். காலையில் இரண்டு சப்பாத்தி, ஒரு டம்ளர் டீ, கையோடு இரும்பு மாத்திரை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 9.6. “மாத்திரையை எதோடு சாப்பிடுகிறீர்கள்?” என்பதுதான் டாக்டர் கேட்ட முதல் கேள்வி.

கோதுமையில் உள்ள பைட்டிக் அமிலம் பெரும்பாலும் தவிட்டில்தான் இருக்கிறது. குடலில் அது இரும்பையும் துத்தநாகத்தையும் பற்றிக்கொண்டு, உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. டீயின் துவர்ப்பும் இரும்பை அப்படியே மடக்குகிறது. ஆகவே மாவில் இரும்பு இருப்பது உண்மை, அதில் நமக்குச் சேர்வது கொஞ்சம். இதற்காக நார்ச்சத்தையே பழிக்க மாட்டேன். கரையும் நார்களில் சில, பெருங்குடலில் நொதித்துக் கால்சியம் சேர உதவவும் செய்கின்றன.

இப்போது காலையில் இட்லி; மாவு இரவெல்லாம் புளிப்பதில் பைட்டிக் அமிலம் குறைகிறது. பதினொரு மணிக்கு எலுமிச்சைச் சாற்றோடு மாத்திரை. அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் டீ கிடையாது. சப்பாத்தி இரவுக்குப் போய்விட்டது. இரண்டு மாதத்தில் 10.8 வந்திருக்கிறது.

மாவை நிறுத்தவில்லை, அத்தைக்கு அது வேண்டும். ஆனால் ‘இரும்பு மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடாதீர்கள்’ என்று பையில் ஒரு வரி அச்சிட்டிருந்தால் எனக்கு மூன்று மாதம் வீணாகியிருக்காது. தயாரிப்பாளருக்கு எழுதினேன், பதில் இல்லை. அந்த வரியை நானே ஒரு தாளில் எழுதி எங்கள் மாவு டப்பாவின் மூடியில் ஒட்டிவிட்டேன்.