இதழியல் இளங்கலைப் படிப்பு: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

சென்னைப் புறநகரில் உள்ள ஒரு தனியார் கலைக் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் என் மகள் இதழியல் மற்றும் தொடர்பியல் இளங்கலைப் படிப்பை முடித்திருக்கிறாள். நாளிதழில் துணையாசிரியராக இருப்பவன் என்ற முறையில், இந்தப் படிப்பைப் பற்றிக் கவலையோடும் அக்கறையோடும் எழுதுகிறேன்.

அதே கல்லூரியில் விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியலுக்கு விண்ணப்பங்கள் குவிய, இதழியலில் வகுப்பு தொடங்கிய பின்னும் இடம் காலியாகவே இருந்தது. சினிமாவும் விளம்பரமும் இழுக்கும் அளவுக்குச் செய்தித்தாள் இழுப்பதில்லை. செய்தியாளராகவே ஆக விரும்புவோரும் வரலாறோ பொருளாதாரமோ படித்துவிட்டு, 2000ஆம் ஆண்டு பெங்களூரிலிருந்து சென்னைக்கு வந்த ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் போன்ற இடங்களில் முதுநிலைப் பட்டயம் பெறலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். இடையில் தேய்வது இளங்கலைதான்.

சுயநிதிப் பிரிவில் மாணவர் கட்டணத்திலிருந்துதான் ஆசிரியர் சம்பளம் வரவேண்டும் என்பதால், சேர்க்கைக் குறைவு நேரே வகுப்பறையைத் தாக்குகிறது. இரண்டாம் ஆண்டில் ஊடகச் சட்டத் தாளை விஸ்காம் மாணவர்களோடு சேர்த்தே நடத்தினார்கள். அவதூறு வழக்கையும் நீதிமன்ற அவமதிப்பையும் பற்றி ஒரு செய்தியாளர் அறிய வேண்டியவை நான்கே வகுப்புகளில் முடிந்துபோயின. மாதந்தோறும் வரும் என்று கையேட்டில் அச்சிட்டிருந்த, மாணவர்களே எழுதித் தயாரிக்கும் பயிற்சி இதழ், மூன்று ஆண்டுகளில் இரண்டு முறைதான் வெளிவந்தது.

ஆனாலும் செய்தி எழுதக் கற்பித்த ஆசிரியையை மனதாரப் பாராட்ட வேண்டும். மகள் எழுதிய வார்டு கூட்டச் செய்தியில் ‘பரபரப்பு’ என்ற சொல்லை மூன்று இடங்களில் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் ‘யார் சொன்னது?’ என்று எழுதியிருந்தார். வகுப்பு முழுவதையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் மனுப்போட வைத்தார். ஏரிக்கரை ஆக்கிரமிப்பு பற்றி மகள் கேட்ட கேள்விக்குப் பதில் வந்த நாளில், அந்தக் கடிதத்தை அவள் என்னிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். மாணவர் குறைவாக இருந்ததால்தான் ஒவ்வொருவர் எழுதிய செய்தியையும் அவரால் வரிவரியாகத் திருத்த முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருவேன். எழுத்தில் உறுதியான விருப்பம் உள்ள பிள்ளையைத் தயங்காமல் சேர்க்கலாம்; விஸ்காம் கிடைக்கவில்லையே என்று சேர்க்க வேண்டாம். எந்தக் கல்லூரியானாலும், பணம் கட்டுவதற்கு முன் கடந்த ஆண்டின் பயிற்சி இதழ்களைக் காட்டச் சொல்லுங்கள். அன்று எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.